வாப்பா இல்லாத பெருநாள்

(நோன்புப் பெருநாள் விடுமுறையில், காயல்பட்டினத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

பெருநாள் முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது. வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்திருப்பதால் பள்ளிவாசல் ஸஃப்புகள் வாசல் வரை நீள்கின்றன. வீடுகளில் வட்டிலப்பமும் தம்மடையும் இன்னும் தீரவில்லை. இன்னும் இரண்டு வாரம் போனால் இதே தெருக்களில் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கும். அதற்குள் உங்களிடம் ஒரு கணக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இங்கே நிற்கிறேன். வியாபாரிகள் இருக்கிற சபை இது. கணக்கு என்றால் காது கொடுப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

பெருநாளன்று காலையில் ஒரு காட்சியைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன், ஏழு வயது இருக்கும். புதுச் சட்டை, தொப்பி, கண்ணில் சுர்மா. தொழுகைக்குப் புறப்படுமுன் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு வளைகுடாவில் இருக்கும் தன் வாப்பாவுக்குச் சட்டையைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே பெருநாள் முந்தின நாளே முடிந்துவிட்டது. வாப்பா வேலைக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

"எப்ப வருவீங்க வாப்பா?" என்று கேட்டான்.

"வீடு முடிஞ்சதும் வர்றேன் வாப்பா" என்றார் அவர்.

பையன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். "வீடுதான் இருக்கே?" என்றான்.

அந்தப் பக்கம் பதில் இல்லை. அவர் சொன்ன வீடு இந்த வீடு அல்ல. திருமணத்திற்கு நிற்கும் தங்கைக்கு அவர் கட்டிக்கொண்டிருக்கிற வீடு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

சகோதரர்களே! அந்தப் பையனின் கேள்விக்கு நாம் எல்லோரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சுற்றின் கணக்கு

நம் நோன்பு பிறைக் கணக்கில் வருவது. வருடத்திற்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். 1997ஆம் ஆண்டு ஜனவரியில் நோன்பு வந்தது. அந்த வருடம் முடிந்து மறுவருடம் பிறக்கும் வேளையில் மறுபடியும் நோன்பு வந்துவிட்டது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துகொண்டே தராவீஹுக்குப் போனோம். 2019இல் மே மாத வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு நோன்பும் டிசம்பர் இறுதியில் இன்னொரு நோன்பும் தொடங்கும். இப்படி வெயில், மழை, பனி எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே நோன்பு வந்து சேர 33 ஹிஜ்ரி வருடம் பிடிக்கும். ஆங்கிலக் கணக்கில் 32 வருடம். இதைத்தான் நான் ஒரு சுற்று என்கிறேன்.

என் சுற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். என் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். 1983க்குப் பிறகு அங்கே தொழில் நடத்த முடியாமல் ஊர் திரும்பினார். கையில் முதல் இல்லை. வீட்டில் இரண்டு குமர்கள், என் தங்கைகள். 1985இல், 22 வயதில், நான் விமானம் ஏறினேன். அங்கே நான் நோற்ற முதல் நோன்பு மே மாதக் கடைசியில் வந்தது. 2017இல் ஊரோடு வந்து சேர்ந்தேன். ஊரில் நோற்ற அந்த நோன்பும் மே மாதக் கடைசியில்தான் வந்தது. சரியாக ஒரு சுற்று.

அந்தச் சுற்றில் இரண்டு வருடத்திற்கு ஒரு முறை 2 மாதம் லீவு. 32 வருடத்திற்கு 16 லீவு. 16 லீவுக்கு 32 மாதம். 3 வருடம் நிறைய இன்னும் 4 மாதம் வேண்டும். 1989இல் எனக்குத் திருமணம் ஆனது. அதிலிருந்து ஊர் திரும்பும்வரை 28 வருடம். அந்த 28 வருடத்தில் என் மனைவியும் நானும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது 28 மாதம். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் பிறந்த செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது. என் மனைவி கேஸட்டில் பேசி அனுப்புவார். அதில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும். அறையில் இருந்த ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்போம். 33 நோன்பில் என் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போனது 5 முறை.

இத்தனைக்கும் பகரமாக என்ன செய்தேன்? நான்கு வீடு கட்டினேன். தங்கைகளுக்கு இரண்டு, மகள்களுக்கு இரண்டு. ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். இருக்கட்டும்.

காற்றுக்குப் போனவர்கள்

பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் நேற்று முளைத்த வழக்கம் அல்ல. கீழக்கரையிலும் உண்டு. கடல் கடந்து இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஊர்களிலும் உண்டு. மேற்கே கண்ணூர், தலச்சேரி தறவாடுகளிலும் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் தங்குவார். இந்த ஊர்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று இருக்கிறது. எல்லாம் கடலோடு பிழைத்த ஊர்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் மரக்கலம் காற்றை நம்பித்தான் ஓடியது. கச்சான் காற்றுக்கு ஒரு திசை, வாடைக் காற்றுக்கு ஒரு திசை. ஒரு காற்றில் போனவர் மறு காற்றில்தான் திரும்ப முடியும். ஆண் பிள்ளை பாதி வருடம் கடலில் இருக்கும்போது இளம் மனைவியை யாரிடம் விட்டுப் போவது? தாயோடும் உடன்பிறந்தவளோடும் இருந்தால் அவளுக்கும் துணை, பிள்ளைகளுக்கும் துணை. அதற்கு ஏற்றபடிதான் நம் வீடுகளும் அமைந்தன. முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் முடுக்குக்கு. அந்த முடுக்கு வழியாகவே ஒரு பெண் தாய் வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் போய் வந்துவிடலாம். பிரசவம் என்றாலும் காய்ச்சல் என்றாலும் நான்கு பெண்கள் ஓடி வந்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் ஓர் அறிவு இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று மனிதன் காற்றுக்காகப் போனான், காற்று திரும்பியதும் வந்தான். அவன் இல்லாத வீட்டில் குடும்பம் தனித்துப் போகாமல் இருக்கவே பெண்ணுக்கு வீடு கொடுக்கப்பட்டது. இன்று தலைகீழாகிவிட்டது. வீடு கொடுப்பதற்காகவே மனிதன் போகிறான். பிரிவுக்கு மருந்தாக வந்த வழக்கம் பிரிவுக்குக் காரணமாகி நிற்கிறது. காற்று ஆறு மாதத்தில் திரும்பும். கடன் அப்படித் திரும்புமா?

நானும் வாங்கியவன்தான்

மற்றவர்களைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் வீடு கொடுத்துத்தான் திருமணம் செய்தார்கள். என் உம்மா கேட்டார், நான் வாய் திறக்கவில்லை. "பெண் பேரில்தானே எழுதுகிறார்கள், நமக்கா எழுதுகிறார்கள்" என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மாமனார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல ஓட்டமுள்ள கடை. மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று முதல் வருடம் சரக்கைக் குறைத்தார். இரண்டாவது வருடம் கடனுக்குச் சரக்கு எடுத்தார். மூன்றாவது வருடம் கடையைக் கைமாற்றிவிட்டார். அந்தக் கடையில் உட்கார வேண்டிய என் மச்சான் சென்னையில் இன்னொருவர் கடையில் சம்பளத்திற்கு நின்றார். நான் குடியிருந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவருடைய கடையிலிருந்து போன கல். இது எனக்குப் புரிய 20 வருடம் ஆனது. புரிந்தபோது மாமனார் மவுத்தாகிவிட்டார். அல்லாஹ் அவர்களை மன்னித்து அருள்வானாக. எனக்கும் மன்னிப்பு அருள்வானாக.

கடையின் முதல் எங்கே போகிறது?

வியாபாரிகளே! முதல் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடுகிற வரைதான் அது முதல். கல்லாகவும் சிமெண்ட்டாகவும் நின்றுவிட்டால் அது சரக்கு வாங்காது, ஆளுக்கு வேலை கொடுக்காது. நம் ஊரில் எத்தனை பூட்டிய வீடுகள் இருக்கின்றன என்று ஒரு நாள் அஸருக்குப் பிறகு நடந்து எண்ணிப் பாருங்கள். மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவரின் சொந்த வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு வாப்பாவின் அல்லது ஒரு காக்காவின் அரைச் சுற்று வாழ்க்கை கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இப்போதுதான் ரமளானில் ஜகாத் கணக்குப் பார்த்து முடித்திருக்கிறீர்கள். குடியிருக்கிற வீட்டுக்கு ஜகாத் இல்லை. வியாபாரச் சரக்குக்கும் ரொக்கத்துக்கும் ஜகாத் உண்டு, நாற்பதில் ஒரு பங்கு. 10 லட்ச ரூபாய் கடையில் முதலாக இருந்தால் வருடம்தோறும் 25,000 ரூபாய் ஏழைகளுக்குப் போய்ச் சேரும். அந்த 10 லட்சம் சுவராகிவிட்டால் அந்த 25,000 ரூபாய் நின்றுவிடும். முதலைச் சுவராக்கும்போது உங்கள் மகன் மட்டும் இழக்கவில்லை, ஊரின் ஏழையும் இழக்கிறான்.

பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் கூட்டம் தொடங்குமுன்பே கேட்டுவிட்டார். "வீடு பெண் பேரில் இருப்பதால்தான் நம் ஊரில் ஒரு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு மனைவியைத் தெருவில் தள்ள முடியவில்லை. அதையும் பிடுங்கச் சொல்கிறாயா?" என்றார்.

நியாயமான கேள்வி. பல ஊர்களில் பெண் மாமியார் வீட்டில் படுகிற பாட்டைப் பார்க்கிறோம். அதோடு ஒப்பிட்டால் நம் ஊர்ப் பெண்ணுக்குத் தலைக்கு மேல் தன் சொந்தக் கூரை இருக்கிறது. அதைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஒரு வாப்பா வசதி இருந்து, மனமுவந்து, மகளுக்கு வீடு எழுதி வைத்தால் அது அன்பளிப்பு. அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வீடு இல்லை என்றால் திருமணம் இல்லை என்று ஒரு நிலை வந்துவிட்டதே, அதற்குப் பெயர் அன்பளிப்பா? அது விலை. கைக்கூலியை ரொக்கமாக வாங்கினால் ஹராம் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அதையே நான்கு சுவரும் கூரையுமாக வாங்கினால் வழக்கம் என்கிறோம். குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 4ஆவது வசனம் பெண்ணுக்கு மஹரைக் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்க வேண்டியவன் ஆண். இரும்பு மோதிரமாவது தேடிக் கொண்டு வரும்படி ஒரு ஏழைத் தோழருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது நம் அனைவருக்கும் தெரிந்த செய்திதான்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தன் பிள்ளைகளில் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். நம் வீடுகளில் மகனின் இளமையும் வாப்பாவின் முதலும் சேர்ந்து மகளின் வீடாகின்றன. அந்த மகனுக்கு என்ன மிஞ்சுகிறது? அவனுக்கும் ஒரு வீடு கிடைக்கிறது, இன்னொரு வாப்பாவின் முதுகை முறித்து. இந்தச் சங்கிலியை யாராவது ஒருவர் அறுத்தால்தான் அறும்.

பாதுகாப்பு என்று சொல்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டோமா? 24 மணி நேரத்தில் நம் ஊரில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அழுதார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் முதியவர்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது நம் பெண்களும் ஊரில் இருந்த கொஞ்சம் பிள்ளைகளும்தான். வீடு அவசியம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆளும் அவசியம். ஆளை விற்று வீட்டை வாங்கினால் அது என்ன பாதுகாப்பு?

என்ன செய்ய வேண்டும்?

முதலில் இளைஞர்களுக்கு. தம்பிகளே! பெண் வீட்டார் வீடு தர வேண்டியதில்லை என்பதை உங்கள் வாயால் நீங்களே சொல்ல வேண்டும். வாப்பா பேசுவார், உம்மா பேசுவார் என்று என்னைப்போல் தலை குனிந்து நிற்காதீர்கள். பேசாமல் இருந்ததற்கும் கணக்கு உண்டு. மனைவி தாய் வீட்டு முடுக்கிலேயே இருக்க விரும்புகிறாளா? அதே தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். வாடகை கொடுப்பது உங்கள் பொறுப்பு. அதில் ஒரு குறைவும் இல்லை.

அடுத்து ஆண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, குறிப்பாகத் திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு. நீங்களும் ஒரு காலத்தில் வாப்பா இல்லாத பெருநாளைப் பார்த்தவர்கள்தான். நோன்புக்குப் பலகாரத் தட்டு, பெருநாளுக்குச் சீர் என்று பெண் வீட்டிலிருந்து எதிர்பார்ப்பதையும் நிறுத்துங்கள். பள்ளியில் ஒரே நோன்புக் கஞ்சியைப் பணக்காரனும் ஏழையும் வாங்கிக் குடிக்கிறோம். கல்யாண விருந்தில் ஒரே ஸஹனில் கை போட்டுச் சாப்பிடுகிறோம். சோற்றில் இருக்கிற சமத்துவம் சம்பந்தம் பேசும்போது எங்கே போய்விடுகிறது?

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் காக்காமார்களுக்கு. தங்கை வீட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அது கடனா, அன்பளிப்பா என்று எழுதி வையுங்கள். கடனை எழுதச் சொல்லி நீண்ட வசனம் ஒன்றே குர்ஆனில் இருக்கிறது, 2ஆவது அத்தியாயம் 282. கடையில் 100 ரூபாய்க்குச் சீட்டு எழுதுகிறோம். உடன்பிறந்தவர்களுக்குள் லட்சக்கணக்கில் வாய்ப் பேச்சாகவே போகிறது. வாப்பா மவுத்தான மறுமாதம் வழக்காக வந்து நிற்கிறது.

நான்காவது, வியாபாரிகளுக்கு. ஊரிலேயே பிழைக்க வழி இருந்தால் பிள்ளைகள் ஏன் விமானம் ஏறுகிறார்கள்? ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைக்க, லாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொள்ளும் முளாரபா முறை நம் மார்க்கத்தில் இருக்கிறது. மகளின் மூன்றாவது மாடிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பிள்ளைக்கு ஊரில் கடை வைத்துக் கொடுக்கலாம். அவன் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெருநாள் தொழுகைக்கு வருவான். அந்த நன்மையில் உங்களுக்கும் பங்கு கிடைக்காதா?

சகோதரர்களே! போன வருடம் என் மகனுக்குத் திருமணம் நடந்தது. வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பெண்ணின் வாப்பா நம்பவில்லை. பையனுக்கு ஏதும் குறை இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் விசாரித்திருக்கிறார்! வீடு கேட்காத மாப்பிள்ளையைச் சந்தேகப்படுகிற அளவுக்கு நாம் வந்திருக்கிறோம். இன்று மகனும் மருமகளும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மகன் இங்கேயே ஒரு சிறிய கடை வைத்திருக்கிறான். வருமானம் கொஞ்சம்தான். ஆனால் இந்த நோன்பு 30 நாளும் மஃரிபுக்கு வீட்டுக்கு வந்து மனைவியோடு நோன்பு திறந்தான். நான் ஒரு சுற்று முழுவதும் பெறாத ஒன்றை அவன் ஒரே நோன்பில் பெற்றுக்கொண்டான்.

இன்று இந்தச் சபையில் 20 வயதில் இருக்கும் பிள்ளை, இதே பருவத்தில் இனி நோன்பு திரும்பி வரும்போது 52 வயதில் இருப்பான். அந்த ஒரு சுற்றில் எத்தனை நோன்பைத் தன் வீட்டில் திறக்கப் போகிறான் என்பதை அவனும் நாமும் இப்போது முடிவு செய்ய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை கைப்பேசியில் கேட்ட கேள்வியை அவனுடைய மகனும் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.

கேட்டதன்படி நடக்கும் நல்ல வாய்ப்பை வல்ல அல்லாஹ் எனக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக! வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.